எரிமலை வீங்குகிறதா? வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே பார்க்கலாம்

எங்காவது ஒரு எரிமலை சீறப் போகிறது என்று செய்தி வந்தால் போதும், அதனுடன் ஒரு படமும் இன்டர்நெட்டில் சுற்றத் தொடங்கிவிடும். மலையின் மேப் மீது வானவில் நிறங்களில் வளையம் வளையமாக இருக்கும். மழைத் தண்ணீரில் பெட்ரோல் சிந்தினால் தெரியுமே, கிட்டத்தட்ட அது போல. புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் பலர் இதனைப் பார்த்து, சிவப்பாக இருக்கும் இடம் கொதிக்கிறது, நீலமாக இருக்கும் இடம் குளிர்ந்து கிடக்கிறது என்று முடிவு கட்டி, நண்பர்களுக்கும் பார்வர்ட் செய்துவிடுகிறார்கள். உண்மையில் அந்த நிறங்களுக்கும் சூட்டுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

அந்தப் படத்தின் பெயர் இன்டர்பெரோகிராம். தரை எத்தனை சென்டிமீட்டர் உயர்ந்தது அல்லது இறங்கியது என்பதை, சுமார் 700 கிலோமீட்டர் உயரத்தில் பறக்கும் சாட்டிலைட் ஒன்று ரேடார் மூலம் அளந்து தந்த கணக்கு அது. இந்த முறையைச் சுருக்கமாக இன்சார் என்று அழைக்கின்றனர். இதனைப் படிக்கத் தெரிந்துகொள்வது அவ்வளவு கடினம் இல்லை. இதற்கான தகவல்களும் சாப்ட்வேரும் இலவசம் என்பதால், உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் நீங்களே ஒன்றை உருவாக்கவும் முடியும்.

மலை ஏன் உப்புகிறது?

பூமிக்கடியில் உருகிய பாறைக் குழம்பு மேலே ஏறும்போது, மேலே உள்ள தரை பூரி உப்புவது போல மெல்ல எழும்பும். குழம்பு வெளியே வந்துவிட்டாலோ, பக்கவாட்டில் வேறு பக்கம் ஓடிவிட்டாலோ தரை அமுங்கும். பூரியாக இருந்தால் கண்ணுக்குத் தெரியும். இங்கோ பத்துப் பதினைந்து கிலோமீட்டர் அகலத்திற்கு, மாதத்தில் சில சென்டிமீட்டர் மட்டுமே எழும்பும். அதன் மேல் வீடு கட்டிக் குடியிருந்தாலும் உங்களுக்குத் தெரியாது.

இதனை அளக்க மலை மீது ஜிபிஎஸ் கருவிகளைப் பதித்து வைக்கின்றனர். அவை மிகத் துல்லியமானவை, இரவு பகலாகத் தகவல் அனுப்பிக் கொண்டே இருப்பவை. ஆனால், கருவி இருக்கும் புள்ளியில் என்ன நடக்கிறது என்பதை மட்டுமே சொல்லும். உலகில் கருவியே வைக்கப்படாத எரிமலைகளும் நிறைய உள்ளன. ரேடார் சாட்டிலைட் ஒரே கடவையில் 250 கிலோமீட்டர் அகலத்திற்குத் தரையைத் துழாவிக் கொண்டு போகும். மலையில் யாரும் கால் வைக்க வேண்டியதில்லை.

நிமிட முள் மட்டும் உள்ள கடிகாரம்

சாதாரண சாட்டிலைட் படம் உங்கள் டிஜிட்டல் கேமரா எடுப்பது போன்றது. வெளிச்சம் வேண்டும், மேகம் குறுக்கே வரக் கூடாது. ரேடார் தானே மைக்ரோவேவ் அலைகளை அனுப்பி, தரையில் பட்டுத் திரும்பும் எதிரொலியைப் பதிவு செய்கிறது. இரவிலும் மேகத்திலும், எரிமலைச் சாம்பல் புகைக்கு நடுவிலும் கூட இது வேலை செய்யும்.

ஐரோப்பிய விண்வெளி அமைப்பின் சென்டினல்-1 சாட்டிலைட்களை எடுத்துக் கொள்வோம். இவை அனுப்பும் அலையின் நீளம் சுமார் 5.5 சென்டிமீட்டர். எதிரொலி எவ்வளவு பலமாக வந்தது என்பதோடு, திரும்பி வந்த அலை தன் சுற்றில் எந்த இடத்தில் இருந்தது என்பதையும் ஒவ்வொரு பிக்ஸலுக்கும் இவை குறித்துக் கொள்கின்றன. இதற்கு பேஸ் என்று பெயர்.

பேஸ் என்பதை நிமிட முள் மட்டும் உள்ள ஒரு கடிகாரமாக நினைத்துப் பாருங்கள். முள் 3-ல் நிற்கிறது என்றால் மணி என்ன? 5.15 ஆகவும் இருக்கலாம், 9.15 ஆகவும் இருக்கலாம். முழுச் சுற்று எத்தனை போனது என்று தெரியாது. மிச்சம் மட்டும்தான் தெரியும். தனியாக ஒரு படத்தில் இந்த மிச்சத்தினால் எந்தப் பயனும் இல்லை. 12 நாள் கழித்து சாட்டிலைட் அதே பாதையில் திரும்ப வந்து அதே இடத்தைப் படம் எடுக்கும்போதுதான் வேடிக்கை ஆரம்பிக்கிறது. போன முறை 3-ல் இருந்த முள் இப்போது 6-ல் இருந்தால், இடையில் தூரம் கால் சுற்று மாறியிருக்கிறது.

அலை போய்த் திரும்பி வருவதால் பயணம் இரட்டிப்பு. எனவே தரை சுமார் 2.8 சென்டிமீட்டர் நகர்ந்தாலே முள் ஒரு முழுச் சுற்று சுற்றிவிடும். கால் சுற்று என்றால் வெறும் 7 மில்லிமீட்டர். எழுநூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருந்து 7 மில்லிமீட்டர்! என் அலுவலகத்தில் ஒரு புரோகிராமின் பழைய பைலையும் புதிய பைலையும் அருகருகே வைத்து எந்த வரி மாறியது என்று பார்ப்பது தினசரி வேலை. இதுவும் அடிப்படையில் அதே வேலைதான். வரிகளுக்குப் பதிலாகக் கோடிக்கணக்கான பிக்ஸல்கள்.

இந்த வித்தியாசத்தைத்தான் நிறமாகப் பூசுகிறார்கள். நிறங்கள் ஒரு முறை முழுதாகச் சுற்றி, தொடங்கிய நிறத்திற்கே திரும்பினால் அது ஒரு வளையம். வெளியே அசையாத இடத்தில் தொடங்கி நடு மையம் வரை எண்ணிக் கொண்டே வாருங்கள். நான்கு வளையம் இருந்தால் 4 பெருக்கல் 2.8, அதாவது சுமார் 11 சென்டிமீட்டர். உயர்ந்ததா, இறங்கியதா என்பது நிறங்கள் எந்த வரிசையில் மாறுகின்றன என்பதைப் பொறுத்தது. அந்த வரிசை படத்தின் ஓரத்தில் உள்ள நிறப் பட்டையில் இருக்கும். அந்தப் பட்டையை வெட்டிவிட்டுப் பரப்பப்படும் படத்தில் மலை ஏறியதா இறங்கியதா என்று யாராலும் சொல்ல முடியாது. அப்படிப்பட்ட படத்தை நம்ப வேண்டாம்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சாட்டிலைட் நேர் கீழே பார்ப்பதில்லை. சாய்வாகப் பக்கவாட்டில் பார்க்கிறது. எனவே அது அளப்பது தன் பார்வைக் கோட்டில் ஏற்பட்ட மாற்றத்தை மட்டும். மேலே எழும்பியதும் பக்கவாட்டில் நகர்ந்ததும் அதில் கலந்தே இருக்கும். தெற்கிலிருந்து வடக்கே போகும்போது எடுத்த படம், வடக்கிலிருந்து தெற்கே வரும்போது எடுத்த படம் என இரண்டையும் சேர்த்துப் பார்த்துத்தான் இவற்றைப் பிரிக்கின்றனர்.

எட்னாவில் தொடங்கிய கதை

எரிமலையில் இந்த முறையைப் பயன்படுத்தி வந்த முதல் பெரிய அறிவிப்பு 1995-ல் நேச்சர் இதழில் வெளியானது. பிரான்ஸ் நாட்டைச் சேர்ந்த மாசனே, பிரியோல், ஆர்னோ ஆகிய மூவரும், 1991-ல் ஏவப்பட்ட ஈஆர்எஸ்-1 சாட்டிலைட்டின் படங்களைக் கொண்டு, இத்தாலியின் எட்னா எரிமலை தன் சீற்றத்தின்போது அமுங்கியதைக் காட்டினர். பிறகு வந்த ஆய்வாளர்கள் அந்த வளையங்களைத் திரும்பக் கணக்கிட்டு, அதில் கணிசமான பங்கு காற்றின் ஈரப்பதம் செய்த வேலையாக இருக்கலாம் என்றனர். நீராவி ரேடார் அலையைச் சற்றே தாமதப்படுத்தும். உயரமான மலையில் அடிவாரத்துக் காற்றும் உச்சிக் காற்றும் வேறு வேறு என்பதால், மலையைச் சுற்றி அழகான போலி வளையங்கள் உருவாகும். இன்றும் இந்தத் துறையில் உள்ள பெரிய தலைவலி இதுதான். ஒரே ஒரு ஜோடிப் படத்தை வைத்து யாரும் முடிவு சொல்வதில்லை. பல ஜோடிகளில் அதே வளையம் வந்தால்தான் நம்புகிறார்கள்.

ஐந்து லட்சம் பேர் குடியிருக்கும் எரிமலை

இத்தாலியின் நேப்பிள்ஸ் நகருக்கு மேற்கே காம்பி பிளெக்ரேய் என்ற எரிமலை உள்ளது. கூம்பு வடிவ மலை எதையும் அங்கே தேடாதீர்கள். பத்துக் கிலோமீட்டருக்கும் அதிக அகலம் உள்ள ஒரு பள்ளம், அதில் பாதி கடலுக்குள். அபாயப் பகுதி என்று அரசு குறித்திருக்கும் எல்லைக்குள் சுமார் 5 லட்சம் பேர் வசிக்கின்றனர். கடைசியாகச் சீறியது 1538-ல்.

அதன் நடுவில் பொட்சுவோலி என்ற துறைமுக ஊர். அங்கே ரோமானியர் காலச் சந்தை ஒன்றின் மூன்று பளிங்குத் தூண்கள் நிற்கின்றன. தரையிலிருந்து பல மீட்டர் உயரத்தில் அந்தத் தூண்களில் கடல் சிப்பிகள் துளைத்த ஓட்டைகள் இருக்கின்றன. தரை இறங்கித் தூண்கள் கடலில் மூழ்கி, சிப்பிகள் குடியேறி, மறுபடி தரை எழும்பி அவை வெளியே வந்திருக்கின்றன. ரேடார் வருவதற்கு வெகு காலம் முன்பே தரை ஏறி இறங்கியதைப் பதிவு செய்து வைத்த ஹார்ட் டிஸ்க் என்று அந்தத் தூண்களைச் சொல்லலாம்.

1982 முதல் 1984 வரை இரண்டே ஆண்டுகளில் பொட்சுவோலியின் தரை சுமார் 1.8 மீட்டர் உயர்ந்தது. துறைமுகத்தின் அடித்தரை மேலே வந்து, படகுகள் அணைய முடியாமல் போனது. நிலநடுக்கங்கள் ஓயவில்லை. சுமார் 40,000 பேர் வீடுகளை விட்டு வெளியேற்றப்பட்டனர். அவர்களுக்காக மான்டெருஷெல்லோ என்ற புதிய குடியிருப்பே கட்டப்பட்டது. எரிமலை சீறவில்லை. தரை மெல்ல மெல்ல இறங்கத் தொடங்கியது.

அந்த இறக்கத்தை 1992 முதல் ரேடார் சாட்டிலைட்கள் பின்தொடர்ந்தன. நெருக்கமான நகரம் என்பது இந்த வேலைக்கு ஒரு வசதி. கட்டிட மூலைகள், இரும்புக் கம்பங்கள், பாலங்கள் ஆகியவை ஆண்டுக்கணக்கில் ஒரே மாதிரி எதிரொலி தரும். இத்தகைய அசையாத புள்ளிகளை மட்டும் பொறுக்கியெடுத்து அளக்கும் முறையை மிலான் நகரப் பொறியியல் பல்கலைக்கழகத்தில்தான் உருவாக்கினார்கள். 2005 வாக்கில் தரை மீண்டும் ஏறத் தொடங்கியது தெரிந்தது. அதிலிருந்து ஒரு மீட்டருக்கும் மேல் ஏறிவிட்டது. 2012 டிசம்பரில் எச்சரிக்கை நிலை பச்சையிலிருந்து மஞ்சளுக்கு உயர்த்தப்பட்டது. 2024 மே மாதத்தில் 4.4 அளவிலும், 2025 மார்ச் மாதத்தில் 4.6 அளவிலும் நிலநடுக்கங்கள் வந்தன.

வளையங்களின் மையம் பொட்சுவோலிதான். அது இடம் மாறுகிறதா, வட்டம் ஒரு பக்கமாக இழுபடுகிறதா என்பதை அங்குள்ள ஆய்வாளர்கள் விடாமல் பார்த்துக் கொண்டிருக்கின்றனர். கடலுக்குள் இருக்கும் மறு பாதியை ரேடாரால் பார்க்க முடியாது. அதற்குக் கடலடிக் கருவிகள்தான். ஐந்து லட்சம் பேரை எப்போது கிளம்பச் சொல்வது? முன்கூட்டியே சொல்லி எதுவும் நடக்காவிட்டால் அடுத்த முறை எத்தனை பேர் கேட்பார்கள்? தாமதமாகச் சொன்னால்? படத்தில் உள்ள வளையத்தை எண்ணுவது நீங்களும் நானும் செய்யக்கூடிய வேலை. இந்தக் கேள்விக்கு அந்த எண் மட்டும் பதில் தராது.

ஒரே இரவில் காலியான ஊர்

இத்தாலியிலிருந்து வடக்கே வெகுதூரம் தள்ளி, ஐஸ்லாந்தில் நடந்தது இதற்கு நேர் எதிர். 2023 அக்டோபர் இறுதியில் ஸ்வார்ட்செங்கி என்ற இடத்தில் தரை உப்பத் தொடங்கியதை ஜிபிஎஸ் கருவிகளும் ரேடார் படங்களும் காட்டின. நவம்பர் 10 அன்று நிலநடுக்கங்கள் திடீரென்று பெருகின. உப்பியிருந்த இடம் அமுங்கியது. பாறைக் குழம்பு சுமார் 15 கிலோமீட்டர் நீளத்திற்குப் பூமிக்கடியில் ஒரு சுவர் போலப் புகுந்து, பக்கத்தில் உள்ள கிரிண்டாவிக் என்ற மீன்பிடி ஊருக்கு அடியிலும் வந்துவிட்டது. சுமார் 3,700 பேர் அன்று இரவே ஊரைக் காலி செய்தனர்.

ரேடார் படத்தில் ஊரின் குறுக்கே ஒரு பட்டை ஒரு மீட்டருக்கும் மேல் கீழே இறங்கியிருந்தது. இங்கே ஒரு சங்கடம். ஜோடிச் சாட்டிலைட்களில் ஒன்றான சென்டினல்-1பி 2021 டிசம்பரிலேயே பழுதாகிவிட்டது. மீதி இருந்த ஒன்று 12 நாளுக்கு ஒரு முறைதான் அதே பாதையில் வரும். மணிக்கணக்கில் நிலைமை மாறும்போது 12 நாள் காத்திருக்க முடியுமா? இத்தாலியின் காஸ்மோ-ஸ்கைமெட் சாட்டிலைட்களின் படங்களும் கை கொடுத்தன. ஆனால், அன்று இரவு முடிவெடுக்க உதவியவை முதன்மையாக நிலநடுக்கப் பதிவுகளும் ஜிபிஎஸ்ஸும்தான். ரேடார் முழுப் படத்தையும் பிறகு காட்டியது. இதனைச் சொல்லாமல் விட்டால் சாட்டிலைட்டுக்கு நாம் தேவைக்கு மேல் மாலை போடுவதாகும்.

டிசம்பர் 18 அன்று பூமி பிளந்து லாவா வந்தது. 2024 ஜனவரி 14 அன்று ஊரின் ஓரத்திலேயே ஒரு பிளவு திறந்து மூன்று வீடுகள் எரிந்தன. 2025 ஜூலை வரை அதே பகுதி மொத்தம் 9 முறை சீறியது. ஒவ்வொரு முறையும் ஸ்வார்ட்செங்கி மெல்ல உப்பும். முந்தைய முறை வெளியேறிய அளவுக்குக் குழம்பு மீண்டும் சேர்ந்துவிட்டது என்று தரையின் உயர்வைக் கொண்டு கணக்கிட்டு, ஐஸ்லாந்து வானிலை அலுவலகம் முன்னெச்சரிக்கை தந்து வந்தது.

இரண்டு ஊர்களில் எது பொதுவான நிலைமை? 2014-ல் வெளியான ஓர் ஆய்வு, ரேடார் மூலம் 18 ஆண்டுகளில் கண்காணிக்கப்பட்ட 198 எரிமலைகளை எடுத்துக் கொண்டது. அவற்றில் 54 மட்டுமே உப்பியோ அமுங்கியோ இருந்தன. அந்த 54-ல் சீறியவை 25, ஏறத்தாழ பாதிதான். அசையாமல் இருந்த 144-ல் சீறியவை 9. எனவே வளையம் தெரிகிறது என்றால் அந்த மலையைக் கூர்ந்து கவனிக்க வேண்டும் என்று பொருள். நாளைக்கே சீறும் என்று யாராவது அந்தப் படத்தைக் காட்டிச் சொன்னால், பார்வர்ட் பட்டனிலிருந்து கையை எடுத்துவிடுங்கள்.

நீங்களே செய்து பார்க்க

முதலில் சுலபமான வழி. பிரிட்டன் ஆய்வாளர்களின் காமெட் அமைப்பு, லிக்ஸார் என்ற பெயரில் உலகின் பல எரிமலைகளுக்கும் தயாராகச் செய்த இன்டர்பெரோகிராம்களை இலவசமாகப் பார்வைக்கு வைத்துள்ளது. சர்ச் இன்ஜினில் இந்த இரு பெயர்களையும் ஆங்கிலத்தில் டைப் செய்து தேடுங்கள். பிரவுசர் மட்டும் இருந்தால் போதும். வளையம் எண்ணிப் பழக இதுவே நல்ல இடம்.

அடுத்த வழி, அலாஸ்கா சாட்டிலைட் பெசிலிட்டி என்ற அமைப்பின் வெர்டெக்ஸ் தளம். இலவச அக்கவுண்ட் திறந்து, இரண்டு படங்களைத் தேர்ந்தெடுத்து ஆன் டிமாண்ட் வசதியில் கொடுத்தால், அவர்களின் கம்ப்யூட்டர்களே கணக்கைச் செய்து முடித்த பைலைத் தரும். மாதத்திற்கு இத்தனை என்று அளவு உண்டு. பழைய கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களுக்கு நான் பரிந்துரைப்பது இதைத்தான்.

மூன்றாவது வழி முழுவதையும் வீட்டிலேயே செய்வது. ஐரோப்பிய விண்வெளி அமைப்பின் ஸ்னாப் என்ற சாப்ட்வேரை டவுன்லோட் செய்து இன்ஸ்டால் செய்திடுங்கள். விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் இயங்கும். 16 ஜிபி ராம் இருப்பது நல்லது. ஒரு படம் 4 முதல் 8 ஜிபி வரை இருக்கும், இடையில் உருவாகும் பைல்கள் அதை விடப் பெரியவை. எனவே ஹார்ட் டிஸ்கில் 100 ஜிபியாவது காலியாக வைத்துக் கொள்ளுங்கள். மொபைல் டேட்டாவில் டவுன்லோட் செய்ய முயல வேண்டாம்.

பழகுவதற்கு காலபாகோஸ் தீவுகளில் உள்ள சியெரா நெக்ரா எரிமலை நல்ல தேர்வு. உள்ளே வெறும் லாவாப் பாறை என்பதால் எதிரொலி தெளிவாக வரும். 2005 முதல் சுமார் 6.5 மீட்டர் உப்பி, 2018 ஜூன் 26 அன்று சீறியது. அதற்கு இரண்டு மூன்று மாதம் முன்பாக, 12 அல்லது 24 நாள் இடைவெளியில் எடுத்த இரண்டு படங்களைத் தேடுங்கள். இரண்டும் ஒரே பாதையில், ஒரே திசையில் போகும்போது எடுத்தவையாக இருக்க வேண்டும். பட்டியலில் எஸ்எல்சி என்று குறிப்பிட்ட வகையையே எடுக்க வேண்டும். ஜிஆர்டி என்ற வகை அளவில் சிறியது என்று ஆசைப்படாதீர்கள். அதில் பேஸ் தகவல் நீக்கப்பட்டிருக்கும், அதாவது நமது கடிகாரத்தில் முள்ளே இருக்காது. டவுன்லோட் ஆன ஜிப் பைலை விரிக்கத் தேவையில்லை. ஸ்னாப் அப்படியே திறந்துகொள்ளும்.

பிறகு ரேடார் மெனுவில் வரிசையாகச் செல்ல வேண்டும். இரண்டு படங்களையும் பிக்ஸலுக்குப் பிக்ஸல் பொருத்துவது கோரெஜிஸ்ட்ரேஷன். இதில் எரிமலை இருக்கும் சிறு பகுதியை மட்டும் தேர்ந்தெடுத்தால் நேரம் பாதிக்கு மேல் மிச்சமாகும். அடுத்து இன்டர்பெரோகிராம் பார்மேஷன், டீபர்ஸ்ட். அதன் பின் டோபோகிராபிக் பேஸ் ரிமூவல், அதாவது மலையின் உயரத்தினாலேயே வரும் வளையங்களைக் கழிப்பது. இதற்குத் தேவையான உயர மேப்பை ஸ்னாப் தானே இன்டர்நெட்டிலிருந்து எடுத்துக் கொள்ளும். அந்த மேப் 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்கலம் 11 நாள் பறந்து ரேடாரில் எடுத்தது. கடைசியில் கோல்ட்ஸ்டீன் பில்டர் கொடுத்தால் புள்ளி புள்ளியான இரைச்சல் குறைந்து வளையங்கள் துலங்கும். இரவு கம்ப்யூட்டரை ஓடவிட்டுத் தூங்கப் போவது என் வழக்கம்.

படத்தில் சில இடங்களில் வளையம் கலைந்து, பழைய டிவியில் சேனல் போனபின் தெரியும் புள்ளிகள் போல இருக்கும். அங்கே மரம் செடி அடர்த்தியாக உள்ளது, அல்லது பனி விழுந்திருக்கிறது. ஐந்தரை சென்டிமீட்டர் அலை இலைகளில் பட்டே திரும்பிவிடும். 12 நாளில் இலைகள் நிலை மாறிவிடுவதால் இரண்டு எதிரொலிகளும் ஒத்துப் போகாது. வெப்ப மண்டலக் காட்டுக்குள் உள்ள எரிமலைகளுக்கு இது பெரிய குறை.

இந்தக் குறையைக் குறைப்பதற்காகவும் வந்ததுதான் நிசார். இஸ்ரோவும் நாசாவும் சேர்ந்து செய்த இந்தச் சாட்டிலைட், 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஜிஎஸ்எல்வி-எப்16 ராக்கெட்டில் சென்றது. 12 மீட்டர் விட்டமுள்ள குடை போன்ற ஆன்டெனா, இரண்டு ரேடார்கள். எஸ் பேண்ட் ரேடார் இஸ்ரோ தந்தது. நாசாவின் எல் பேண்ட் அலை சுமார் 24 சென்டிமீட்டர் நீளம் என்பதால் இலைகளுக்கு ஊடே புகுந்து தரை வரை போய் வரும். இதன் தகவல்களையும் எல்லோருக்கும் இலவசமாகத் தருவதுதான் கொள்கை. நிசாரின் எல் பேண்ட் படத்தைத் திறக்கும்போது ஒரு விஷயம் நினைவிருக்கட்டும்: அதில் ஒரு வளையம் என்பது 2.8 சென்டிமீட்டர் இல்லை, சுமார் 12 சென்டிமீட்டர்.